வந்த ஊரைச் சொந்த ஊராக்குவோம்

 

 

வேலை மாற்றலாலோ, வியாபாரத்தாலோ, பிள்ளைகளின் படிப்பாலோ நம்மில் பலர் பிறந்த ஊரை விட்டு வேறு ஊரில் குடியேறுகின்றோம். வண்டியில் வந்த சாமான்களை இறக்குகின்றோம். பால் காய்ச்சுகின்றோம். யாஸீன் ஓதி துஆச் செய்கின்றோம். பிறகு கதவைத் தாழிட்டுக் கொள்கின்றோம். ஓராண்டு கழிந்த பின்னும் அடுத்த வீட்டுக்காரரின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. நம் பெயரும் அவருக்குத் தெரிவதில்லை. நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் யாருடைய கதவைத் தட்டுவது என்று அறியாமல் திகைக்கின்றோம்.

வீடு மாறுவது ஒரு நாளில் முடிந்துவிடும். ஊரை அறிவதோ ஒரு கடமையாகத் தொடர்கின்றது. இந்தக் கடமையை நம் முன்னோர்கள் எவ்வாறு நிறைவேற்றினார்கள் என்பதற்கு மதீனாவின் வரலாறும் சான்று பகர்கின்றது. நம் கோவில்பட்டிக் கரிசல் சீமையின் வரலாறும் சான்று பகர்கின்றது. இரண்டையும் சற்றே சிந்திப்போம்.

வந்தவர்களால் வளர்ந்த மண்

கரிசல் சீமையை வெளியூரார் பார்த்தால் வறண்ட நிலம் என்று சொல்லி நகர்ந்துவிடுவர். ஆறு இல்லை, வானத்தை நம்பிய வெள்ளாமை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளையும். பெய்யாவிட்டால் நிலம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். ஈரம் பட்டால் உப்பிக்கொள்வதும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் இந்த மண்ணின் இயல்பு. இதை அறியாமல் மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டு வீடு கட்டினால், சில ஆண்டுகளிலேயே சுவர் விரிசல் காணும். உள்ளூர்க் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டவர் தப்பித்துக் கொள்வார்.

இப்படிப்பட்ட மண்ணில் இன்று வாழ்பவர்களின் முன்னோர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்தவர்களே! விஜயநகர ஆட்சியிலும் மதுரை நாயக்கர் ஆட்சியிலும் தெலுங்கு பேசும் குடிகள் கூட்டம் கூட்டமாக வந்து காடு திருத்திக் குடியேறினர். எட்டயபுரத்தை ஆண்ட பாளையக்காரர்களும் அவ்வாறு வந்த தெலுங்கு வழியினரே.

பின்னர் 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. அது கோவில்பட்டி வழியே சென்றது. 1891-இல் பஞ்சாலை வந்தது. 1901-இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அவர்கள் தொடங்கிய அத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களுக்கும் பரவியது. ஒவ்வொரு தொழிலும் புதுக் குடும்பங்களை இங்கே அழைத்து வந்தது. ஆகவே, இந்தச் சீமையில் ஒருவர் மற்றவரைப் பார்த்து "நீர் வந்தேறி" என்று சொல்ல வழியில்லை. முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்ற வேறுபாடு மட்டுமே உண்டு.

மதீனாவில் முதல் பாடம்

குடிபெயர்தலின் மாபெரும் வரலாறு நமக்கு ஹிஜ்ரத்தேயாகும். கி.பி. 622-இல் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் மக்காவைத் துறந்து யத்ரிப் நகர் வந்தார்கள். அவர்கள் வணிகர் ஊரிலிருந்து உழவர் ஊருக்கு வந்தவர்கள். தண்ணீர் வேறு, காற்று வேறு, தொழில் வேறு. வந்த சில நாட்களிலேயே அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் விழுந்தனர். பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் புல்லையும் நீர்நிலையையும் நினைத்து ஏங்கினார்கள். புது வீட்டில் படுத்துக்கொண்டு பழைய ஊரை எண்ணிக் கண் கலங்குகின்ற நம் வீட்டுப் பெண்களின் ஏக்கத்தை மார்க்கம் குறையாகக் கருதவில்லை என்பது இதனால் விளங்குகின்றது.

நபியவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பது போல், அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்கு நேசத்திற்குரியதாக ஆக்குவாயாக என்றும், அதன் அளவைகளில் பரக்கத் செய்வாயாக என்றும் இறைவனிடம் வேண்டினார்கள். (புகாரி) வந்த ஊரை நேசிக்கும் மனத்தைக் கேட்டுப் பெறுவதே குடியேறியவரின் முதல் வேலையாக அமைந்தது.

அடுத்து, ஊரார் கேட்ட முதல் சொற்களைக் கவனியுங்கள். அப்போது யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள் கூட்டத்தோடு சென்று நபியவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் காதில் விழுந்த முதல் உபதேசம் நான்கு செய்திகளைக் கொண்டிருந்தது: ஸலாத்தைப் பரப்புங்கள், உணவளியுங்கள், உறவைப் பேணுங்கள், மக்கள் உறங்கும் வேளையில் தொழுங்கள். (திர்மிதீ) இவற்றுள் மூன்று, மனிதர்களோடு நாம் கொள்ளும் தொடர்பைப் பற்றியவை. புது ஊரில் கால் வைத்தவர் வாய் திறந்து ஸலாம் சொல்வதும், கை நீட்டி உணவு கொடுப்பதும் வணக்கத்தோடு சேர்த்து எண்ணப்பட்டன.

மேல் வீடும் கீழ் வீடும்

நபியவர்கள் முதலில் அபூஅய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். அது மாடியுள்ள வீடு. பார்க்க வருவோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று நபியவர்கள் கீழ்த்தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நாள் மேலே தண்ணீர்ப் பாத்திரம் உடைந்துவிட்டது. கீழே சொட்டி நபியவர்களுக்குத் தொல்லை ஆகிவிடுமே என்று பதறிய அபூஅய்யூப் (ரலி) அவர்களும் மனைவியாரும், தம்மிடம் இருந்த ஒரே போர்வையால் அந்த நீரைத் துடைத்து எடுத்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் தளத்தில் வாழ்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன வேண்டும்?

பள்ளிவாசலுக்குத் தேர்ந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியதாக இருந்தது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், விலை கொடுத்தே அது பெறப்பட்டது. புது ஊரில் எந்த இடம் யாருக்கு உரியது என்று விசாரித்து, உரிமையை மதித்து நடந்த வரலாறு இது.

சந்தை, கிணறு, பேரீச்சை, எழுத்து

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கும் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுக்கும் நபியவர்கள் சகோதரத்துவம் ஏற்படுத்தினார்கள். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ, அவருக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா சந்தைக்குச் சென்று, பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று, சில நாட்களில் சொந்தக் காலில் நின்றார்கள். (புகாரி) அன்ஸாரி கொடுக்க வந்தது பொருள்; முஹாஜிர் கேட்டுப் பெற்றதோ வழி! இரண்டு பண்புகளும் சேர்ந்தபோது ஊர் உருவானது.

குடிநீருக்கு மக்கள் சிரமப்பட்டபோது, ரூமா என்ற நன்னீர்க் கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். வந்தவர் ஊரின் குறையை அறிந்து, அதைத் தீர்க்கத் தம் கைப்பொருளைச் செலவிட்டார்.

பேரீச்சை மரங்களில் மகரந்தம் சேர்க்கும் வழக்கத்தை நபியவர்கள் அங்கே கண்டார்கள். அதில் பெரிய பயன் இராது என்று தம் எண்ணத்தைக் கூறினார்கள். மக்கள் அதை விட்டுவிட்டனர், விளைச்சல் குறைந்தது. செய்தி எட்டியதும், இது போன்ற உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் கூறினார்கள். (முஸ்லிம்) மண்ணை அறிந்தவனின் அனுபவத்திற்கு அண்ணலார் தந்த மதிப்பு இது! கரிசல் மண்ணில் கொத்தனாரிடமும் சம்சாரியிடமும் கேட்டுக் கற்பதற்கு நாம் ஏன் தயங்க வேண்டும்?

மேலும், ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். அரை மாதம் கழிவதற்குள் அவர் கற்றுத் தேர்ந்தார். (திர்மிதீ) பல குலத்தாரும் பல மார்க்கத்தாரும் சேர்ந்து வாழும் நகரில், அவரவர் உரிமையும் பொறுப்பும் என்ன என்பதை எழுத்தில் வடித்த மதீனா உடன்படிக்கையும் அக்காலத்தில் பிறந்ததே. பழகுவது, கற்பது, உடன்படிக்கை செய்வது என்று படிப்படியாக வந்த ஊர் சொந்த ஊராயிற்று.

எட்டயபுரத்திற்கு வந்த அத்தர் வணிகர்

மதீனாவின் இந்தப் பாடம் ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின் நம் கரிசல் மண்ணிலேயே பலன் தந்தது என்றால் வியப்பாக இருக்கின்றதல்லவா? கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள எட்டயபுரமே அதற்குச் சாட்சி.

பதினேழாம் நூற்றாண்டில் செய்கு முதலியார் என்ற வாசனைத் திரவிய வணிகர் தம் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தார். முதலில் நாகலாபுரத்திலும், பின்னர் எட்டயபுரத்திலும் தங்கினார் என்று வரலாறு கூறுகின்றது. அவருடைய மகனே அமுதகவி உமறுப் புலவர்! 1642-இல் பிறந்தவர் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பர்.

குடியேறிய அந்த முஸ்லிம் குடும்பம் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தர் விற்ற ஒரு வணிகரின் மகன் அத்தர் விற்ற இன்னொரு வணிகராகியிருப்பார்; அவ்வளவே. ஆனால் அந்தத் தந்தை, எட்டயபுர அரசவைப் புலவராக விளங்கிய கடிகைமுத்துப் புலவரிடம் தம் மகனைத் தமிழ் கற்க அனுப்பினார். ஆசிரியரோ மாற்று மார்க்கத்தார். மாணவரோ வந்த குடும்பத்துப் பிள்ளை. இருவருக்கும் இடையே தமிழ் பாலமாயிற்று. ஆசிரியருக்குப் பின் அதே அவையில் உமறு புலவராக அமர்ந்தார். தெலுங்கு வழிவந்த பாளையக்காரரின் அவையில், தமிழ் கற்ற ஓர் இஸ்லாமியப் புலவர்! முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்கு இடம் கொடுத்த காட்சி அது.

நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழில் பாட வேண்டும் என்ற வேட்கையை வள்ளல் சீதக்காதி அவர்கள் வளர்த்தார்கள். தமிழ் மட்டும் அதற்குப் போதாது. அண்ணலாரின் வரலாற்றை ஆதாரத்தோடு அறிய வேண்டும். அதற்காகப் புலவர் மார்க்க மேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடிச் சென்றார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொருளுதவி செய்தார். இவ்வாறு உருவானதே சீறாப்புராணம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்று மூன்று காண்டங்களில் 5,027 பாடல்களைக் கொண்டது அக்காவியம்.

அன்பர்களே! இங்கே ஒரு நுட்பத்தைச் சிந்தியுங்கள். மக்கா மாநகரையும் அரபு நாட்டையும் பாட வந்த புலவர், மழை பொழிந்து ஆறு பெருகி வயல் செழிக்கும் தமிழ் நிலமாகவே அந்நாட்டை வருணித்தார். அரபுச் சொற்களையும் தமிழ்ச் சொற்களையும் ஒரே பாட்டில் இணைத்தார். ஹிஜ்ரத்தின் வரலாறு, குடிபெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளையால், தமிழ்நாட்டு மண்ணின் காட்சிகளோடு பாடப்பட்டது. அக்கம்பக்கத்தின் மொழியை அவர் அறியாதிருந்தால், தமிழ் முஸ்லிம்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அந்தச் சீறா ஒலித்திருக்குமா?

பழகினால் கரைந்துவிடுவோமா?

நம்மில் சிலருக்கு உள்ளூர ஓர் அச்சம் உண்டு. பிற சமயத்தாரோடு நெருங்கிப் பழகினால் பிள்ளைகளின் மார்க்கப் பற்றுக் குறைந்துவிடுமோ என்று அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே, அதற்கு மருந்தும் உமறுப் புலவரின் வாழ்விலேயே இருக்கின்றது. அவர் இரண்டு வாசல்களில் நின்று கற்றார். கடிகைமுத்துப் புலவரின் வாசலில் ஊரின் மொழியைக் கற்றார்; ஸதக்கத்துல்லாஹ் அப்பாவின் வாசலில் தம் மார்க்கத்தைக் கற்றார். ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை. மக்தப் மதரஸாவுக்கு அனுப்பாமல் விட்டுவிட்டு, அண்டை வீட்டாரைக் குறை கூறுவதில் பொருளில்லை. தன் வேரை அறிந்த பிள்ளை எந்தத் தெருவிலும் நிமிர்ந்து நடக்கும்.

இதே எட்டயபுரம் 1882-இல் மகாகவி பாரதியாரையும் ஈன்றது. அவர் 1918-இல் புதுவையை விட்டு வெளியேறி, தம் மனைவியாரின் ஊராகிய கடையத்தில் வந்து தங்கினார். அருகிலுள்ள பொட்டல்புதூர் முஸ்லிம்களோடு பழகினார். 1920-இல் அங்கே இஸ்லாத்தின் மேன்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். எட்டயபுரத்திற்கு வந்த முஸ்லிம் குடும்பம் அங்கே தமிழ் கற்றது. எட்டயபுரத்திலிருந்து சென்ற தமிழ்க் கவிஞர் முஸ்லிம்களின் நடுவே நின்று அவர்கள் மார்க்கத்தை மதித்துப் பேசினார். பழக்கம் இரு பக்கமும் கதவைத் திறக்கின்றது.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்து 2021-இல் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அவர்களையும் இங்கே நினைவு கூரலாம். தெலுங்கு பேசும் குடியில் பிறந்த அவரே, இச்சீமை மக்களின் பேச்சுத் தமிழைச் சொல் சொல்லாகத் திரட்டி, கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதி செய்தார். அக்கம்பக்கத்தார் பேசும் ஒவ்வொரு சொல்லையும் செல்வமாகக் கருதிச் சேர்த்தவர் அவர்.

நாம் அன்ஸாரிகளா?

இதுவரை வந்தவரின் கடமையைப் பேசினோம். இருப்பவரின் கடமை என்ன? முஸ்லிம் என்பதற்காகச் சில ஊர்களில் வாடகை வீடு மறுக்கப்படுகின்றது என்று நாம் வருந்துகின்றோம். அந்த வருத்தம் உண்மையானது. அதே வேளையில், நம் தெருவுக்குப் புதிதாக வந்த குடும்பத்தை நாம் எவ்வாறு நடத்துகின்றோம்? பிற சமயத்தவரோ, வறியவரோ, வேறு ஊர்ப் பேச்சு பேசும் முஸ்லிமோ வந்தால், அவர் யார் எவர் என்று திண்ணையில் அமர்ந்து புறம் பேசுகின்றோமா? அல்லது ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களைப் போல் வாசல் வரை சென்று என்ன வேண்டும் என்று கேட்கின்றோமா?

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் இடைவிடாது வலியுறுத்தியதால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபியவர்கள் எண்ணும் அளவுக்கு அந்த உரிமை பெரிது. (புகாரி, முஸ்லிம்) குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். (முஸ்லிம்) அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். (திர்மிதீ) அந்த அண்டை வீட்டார் இன்ன மார்க்கத்தார் என்பது அவர்களின் கொடையைத் தடுக்கவில்லை.

ஆகவே, புது ஊரில் குடியேறும் சகோதரரே! முதல் ஜும்ஆவிலேயே மஹல்லாப் பள்ளியின் இமாமையும் முத்தவல்லியையும் சந்தித்து உங்களை அறிமுகப்படுத்திக் கொள்ளுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று வீடுகளுக்குச் சென்று பெயர் சொல்லிப் பெயர் கேளுங்கள். எந்த வீட்டில் முதியவர் தனியே இருக்கின்றார், எந்த வீட்டில் நோயாளி உள்ளார் என்று அறிந்து வையுங்கள். குழாயில் தண்ணீர் வரும் முறையைக் கேளுங்கள். கோவில்பட்டி போன்ற ஊரில் சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரே குடிநீர். அதை வீணாக்குவது அடுத்தவரின் குடத்தைக் கவிழ்ப்பதற்கு ஒப்பாகும். மழைக்கு முன் வாசல் வாய்க்காலைச் சேர்ந்து சுத்தம் செய்யுங்கள். நோன்புக் கஞ்சியும் பெருநாள் பண்டமும் மதில் தாண்டிச் செல்லட்டும். அடுத்த வீட்டில் மரணம் நேர்ந்தால், அழைப்புக்குக் காத்திராமல் முதல் ஆளாகச் சென்று நில்லுங்கள்.

சகோதரிகளே! உங்கள் வாசலில் ஒரு புதுக் குடும்பம் வந்து இறங்கினால், சமையல் ஆகும் வரை அவர்களுக்கு ஒரு வேளை உணவும் ஒரு குடம் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள். கொடுப்பதில் எந்த வீட்டிற்கு முன்னுரிமை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, எந்த வாசல் அருகில் உள்ளதோ அந்த வாசலுக்கு என்றே அண்ணலார் விடை பகர்ந்தார்கள். (புகாரி)

உமறுப் புலவர் எட்டயபுரத்திலேயே அடக்கமாகியுள்ளார். 2007-இல் தமிழ்நாடு அரசு அங்கே அவருக்கு மணிமண்டபம் திறந்தது. வெளியூரிலிருந்து வந்த வணிகரின் மகனை, இந்த ஊர் தன் மகன் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கின்றது. பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். அவர் யார், எங்கிருந்து வந்த குடும்பம், யாரிடம் கற்றார் என்று சொல்லிக் கொடுங்கள்.

நாம் வாழும் ஊரை நமக்கு நேசத்திற்குரியதாகவும், நம்மை அந்த ஊராருக்குப் பயனுள்ளவர்களாகவும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! நம் அண்டை வீட்டார் நம்மால் அச்சமின்றி வாழ அவன் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!